ஆடாத அங்கவடி

பாழடைந்த ஒரு மலைக்கோட்டைக்குக் கீழே இருந்த காட்டில் அரளி என்றொரு செங்குதிரை வாழ்ந்தது. சந்தைக்குப் போன வண்டியிலிருந்து வாரை அறுத்துக்கொண்டு ஓடிவந்த குதிரை அது. அகன்ற முதுகு, பருத்த வயிறு, யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடும் மனசு. அந்த மனசுதான் அதை வம்பில் மாட்டிவிட்டது.

அந்த வருஷம் கோடை கொளுத்தியது. குட்டைகள் எல்லாம் வற்றிப்போய், பாறைப் பள்ளத்துச் சுனை ஒன்றில் மட்டும் தண்ணீர் மிஞ்சியது. அதன் கரையில் ஒரு சிறுத்தை வந்து படுத்துக்கொண்டது. வேட்டைக்கு அலையும் வேலை அதற்கு மிச்சம். தாகம் எடுத்தவர்கள் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள்.

அரளி இரண்டு நாள் தண்ணீர் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அது ஒரு வேலமரத்தடியில் நாக்கைத் தொங்கவிட்டு நின்றபோது, புதருக்குள்ளிருந்து கோணன் வந்தது. கோணன் ஒரு கழுதைப்புலி. முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்த உடம்பு. தானாக எதையும் கொன்றதில்லை. ஏதாவது விழும்வரை காத்திருக்கும். காத்திருப்பதில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது.

"என்ன தங்கச்சி, தொண்டை காயுதா?" என்று கேட்டது கோணன்.

"சுனைக்குப் போனா சிறுத்தை. போகலேன்னா தாகம். எப்படியும் சாவுதான் அண்ணே."

"ஏன் சாகணும்? மேல கோட்டை லாயத்துல ஒரு சேணம் கெடக்கு. பட்டாளத்துச் சேணம். அதை முதுகுல போட்டுக்கிட்டு சுனைக்குப் போ. சிறுத்தை ஒதுங்கி வழிவிடும்."

"நிஜமாவா?"

"கோட்டையில இருந்து வர்ற எதையும் சிறுத்தை தொடாது. அதுங்க பரம்பரைக்கே அந்தப் பயம் உண்டு."

கோணன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அந்தச் சேணத்தைச் சுமந்த குதிரை எத்தனை நாளில் விழும் என்பது கோணனின் பாட்டன் காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்துக்கு அத்துபடி. அந்தக் கணக்கு இருபது நாளைத் தாண்டியதில்லை.

சேணத்தைக் கொண்டுவரவும் கட்டவும் கை வேண்டுமே. அதற்கு மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். மேஸ்திரி என்பது கோட்டை மதிலில் பிறந்து வளர்ந்த ஒரு முசுக் குரங்கு. கறுத்த முகம், நீண்ட வால். முள் எடுக்கவும் சிக்கிய கொடியை அவிழ்க்கவும் காட்டில் எல்லோரும் அதைத்தான் தேடுவார்கள். தேடித்தேடி மேஸ்திரி என்று பெயரே வந்துவிட்டது. அதுவும் தன்னை ஒரு பெரிய மேஸ்திரி என்றே நினைத்துக்கொண்டது.

மேஸ்திரி லாய வாசலிலேயே கிடந்த சேணத்தை, உள்ளே எட்டிப் பார்க்காமல், மலையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து போட்டது. இரண்டு பக்கமும் இரண்டு நீளப் பலகை, முதுகெலும்புக்காக நடுவில் ஒரு இடைவெளி. முன்னால் பலகைகளைச் சேர்க்கும் இரும்பு வளைவு, மேலே தோல் இருக்கை, காலை மாட்ட இரண்டு இரும்பு அங்கவடி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எத்தனையோ வருஷம் பாழில் கிடந்த தோல் காய்ந்து வெடித்திருக்க வேண்டும் அல்லவா? வெடிக்கவில்லை. பலகையைக் கரையான் தொடவில்லை. ஒரு சிலந்திகூட அதில் கூடு கட்டவில்லை. தோலின்மேல் கை வைத்த மேஸ்திரி சட்டென்று கையை எடுத்துக்கொண்டது. ஒருவர் உட்கார்ந்து இப்போதுதான் எழுந்து போனதுபோல் அது வெதுவெதுப்பாக இருந்தது.

மேஸ்திரி அதை யாரிடமும் சொல்லவில்லை. பயந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டால் பெயர் கெட்டுப்போகுமே.

முதலில், சேணத்தோடு கொண்டுவந்த கம்பளி ஒன்றை மடித்துப் போட்டு, அதன்மேல் சேணத்தை வைத்து, வயிற்று வாரை இழுத்துக் கட்டியது. இரண்டடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு அம்மணி. இது உங்களுக்குன்னே செஞ்சது" என்றது.

"தோள்கிட்ட கடிக்குதே மேஸ்திரி."

"புதுசுல அப்படித்தான் இருக்கும். பழகிடும்" என்றது கோணன், மேஸ்திரி வாய் திறக்கும் முன்பே.

அரளி சுனைக்குப் போனது. சிறுத்தை எழுந்தது. ஆனால் சிறுத்தை அரளியைப் பார்க்கவே இல்லை. அரளியின் முதுகுக்கு மேலே, வெறும் காற்றில், ஒரு ஆள் முகம் இருக்கவேண்டிய உயரத்தில் எதையோ பார்த்தது. காதுகளை மடக்கிக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து புதருக்குள் போய்விட்டது.

அரளி வயிறு முட்டக் குடித்தது. அப்பாடா என்று இருந்தது. சிறுத்தை எதைப் பார்த்தது என்று யோசிக்க அதற்கு அப்போது தோன்றவில்லை. தாகம் தீர்ந்த சந்தோஷத்தில் யாருக்குத்தான் தோன்றும்?

திரும்பி வரும்போது மரத்தின்மேல் இருந்த மேஸ்திரிதான் ஒன்றைக் கவனித்தது. அரளி குதித்துக் குதித்து ஓடிவந்தது. அங்கவடிகள் காலியாகத் தொங்கின. காலி அங்கவடி, குதிரை ஓடினால் ஆடவேண்டும். அவை ஆடவில்லை. யாரோ கால் வைத்து அழுத்திக்கொண்டிருப்பதுபோல் விறைத்து நின்றன.

"காத்து இல்ல, அதான்" என்று மேஸ்திரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

வேலமரத்தடியில் சேணத்தை அவிழ்த்தார்கள். அரளியின் முதுகு முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. தோள்மேட்டுக்குப் பின்னால், இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு இடம் மட்டும் பொட்டு ஈரம்கூட இல்லாமல் காய்ந்து கிடந்தது.

"இதென்ன, இங்க மட்டும் வேர்க்கலையே?" என்றது மேஸ்திரி.

கோணன் எட்டிப் பார்த்தது. அதன் வாயில் எச்சில் ஊறியது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னது: "அங்கதான் சேணம் கச்சிதமாப் பொருந்தியிருக்கு. அந்த இடத்துக்குச் சிரமமே இல்ல. அதான் வேர்க்கல. மத்த இடமும் இப்படி ஆகணும்."

கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். மேஸ்திரி தலையாட்டியது. அரளியும் தலையாட்டியது. அழுத்தம் தாங்காமல் தோல் செத்துக்கொண்டிருக்கும் இடத்தில்தான் வியர்வை வராது என்பது மூவரில் ஒருவருக்குத்தான் தெரியும். அது சொல்லவில்லை.

மறுநாள் வலி கூடியது. "மெத்தை பத்தல" என்று மேஸ்திரி கம்பளிக்குள் இலவம்பஞ்சைத் திணித்தது. சேணம் இன்னும் இறுகியது. அதற்கும் மறுநாள் காய்ந்த புல். அப்புறம் இன்னொரு கம்பளி. காலைக் கடிக்கிற செருப்புக்குள் துணியை அடைத்தால் என்ன ஆகும்? அதேதான் ஆயிற்று. ஒடுங்கிய இரும்பு வளைவு அகன்ற முதுகைக் கவ்விப் பிடித்தது. வலிக்கிறது என்று அரளி சொல்லும்போதெல்லாம் மேஸ்திரி பஞ்சைத் தேடி ஓடியது. அன்பாகத்தான் ஓடியது. அதில் குறை சொல்ல முடியாது.

"பழகிடும் தங்கச்சி, பழகிடும்" என்று கோணன் தினமும் வந்து விசாரித்தது. வரும்போதெல்லாம் அரளியின் விலாவைப் பார்க்கும். நேற்றைவிட இன்றைக்கு ஒரு எலும்பு கூடுதலாகத் தெரிகிறதா என்று பார்க்கும்.

எட்டாம் நாள் வலி நின்றுவிட்டது.

"சொன்னேன்ல?" என்றது கோணன்.

"என் வேலையா, கொக்கா?" என்று மேஸ்திரி வாலைச் சுழற்றியது.

அரளிக்கும் நிம்மதியாக இருந்தது. ஆனால் சேணத்தின் பாரம் மட்டும் நாளுக்கு நாள் ஏறியது. பஞ்சுக்கும் புல்லுக்கும் இவ்வளவு பாரம் ஏது? நடக்கும்போது யாரோ மூச்சு விடுவதுபோல் காதுக்குப் பின்னால் வெதுவெதுப்பாக இருந்தது. கடிவாளம் கட்டவே இல்லை. ஆனாலும் வாயின் இடது ஓரத்தில் ஏதோ இழுத்தது. கோட்டை இருந்தது இடது பக்கம்.

பத்தாம் நாள் உச்சிப் பொழுதில் அரளி தண்ணீர் குடித்துவிட்டு வேலமரத்தை நோக்கித் திரும்பியது. திரும்பியதாகத்தான் அது நினைத்தது. கால்கள் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தன. நில் என்று சொல்லிப் பார்த்தது. கால்கள் கேட்கவில்லை. வெயில் நேர் உச்சியில் நின்றது. காட்டில் ஒரு குருவிகூடக் கத்தவில்லை. அரளியின் குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் சுமையோடு நடக்கிற குதிரையின் சத்தமாகக் கேட்டது.

இடிந்த வாசல் வழியாகக் கால்கள் அதை லாயத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தின. கல்லால் தடுத்த கொட்டடிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குவியல் எலும்பு. கடைசிக் கொட்டடி ஒன்று மட்டும் காலி. அதற்கு முந்தைய கொட்டடியில், எலும்புக் குவியலின் நடுவே, ஒரு கறுப்புக் குதிரை நின்றது. அகன்ற தோள், உயர்ந்த கழுத்து. கூரை இல்லாத லாயம் அது. வெயில் நேராக விழுந்தும் அந்தக் குதிரை கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்த கரியாகத் தெரிந்தது. அதன் உடம்பு வழியாகப் பின்னால் இருந்த சுவரின் கல் தெரிந்தது.

"வந்துட்டியா? உன் எடத்தைக் காலியா வெச்சிருக்கேன்" என்றது அது.

"நீங்க யாரு?"

"உனக்கு முன்னால இவரைச் சுமந்தவன்." கறுப்புக் குதிரை அரளியின் முதுகுக்கு மேலே பார்த்துத் தலையைத் தாழ்த்தியது. சிறுத்தை பார்த்த அதே உயரம். "சண்டை முடிஞ்சு எத்தனையோ காலம் ஆச்சு. இவர் இன்னும் இறங்கல. ஒரு முதுகு போனா இன்னொரு முதுகு."

அரளி கேட்டது: "உங்களுக்கு வலிக்கலையா?"

"மொதல்ல வலிச்சுது. எனக்கும் மெத்தை வெச்சாங்க. இன்னும் வெச்சாங்க. அப்புறம் பழகிடுச்சு." அது மெல்லத் திரும்பி முதுகைக் காட்டியது. தோள்மேட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்தில் இரண்டு வெள்ளைத் தழும்பு. "இந்த ரெண்டு எடத்துல எனக்கு வேர்த்ததே இல்ல." கொஞ்சம் பெருமையாகவே சொன்னது. "இப்ப எங்கேயுமே வேர்க்கறதில்ல."

அரளிக்கு அப்போதுதான் புரிந்தது. பயம் குளிர்ந்த தண்ணீராக உச்சியிலிருந்து வால்வரை இறங்கியது.

"உள்ள வா" என்றது கறுப்புக் குதிரை. முதுகின்மேல் பாரம் முன்னால் சாய்ந்து உந்தியது. ஒரு கால் கொட்டடிக்குள் போயிற்று. இரண்டாவது காலும் போயிற்று.

அரளி மூன்றாவது காலைத் தூக்கவில்லை. அப்படியே தடாலென்று கீழே விழுந்து, கல்தரையில் உருண்டது. வெளியே சிதறிக் கிடந்த பழைய எலும்புகள் அடியில் நொறுங்கின. பலகை கல்லில் இடித்தது. செத்துப்போயிருந்த இரண்டு இடத்திலும் தீப்பட்டாற்போல் வலி எழுந்தது. வாழ்நாளில் எந்த வலிக்கும் அரளி அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. வலியோடு கால்கள் தன் வசம் வந்தன. எழுந்தது, ஓடியது. பின்னால் யாரும் துரத்தவில்லை. கறுப்புக் குதிரை மட்டும், "எடம் காலியாத்தான் இருக்கும்" என்று சொன்னது கேட்டது.

வேலமரத்தடிக்கு வந்ததும் அரளி மூச்சிரைக்கச் சொன்னது: "மேஸ்திரி, கீழ எறங்குங்க. சேணத்துக்கும் என் முதுகுக்கும் நடுவுல உங்க கையை விடுங்க."

"எதுக்கு அம்மணி? பார்த்தாலே தெரியுதே, எவ்வளவு அழகா—"

"பார்த்தது போதும். கையை விடுங்க."

மேஸ்திரி விரல்களை உள்ளே நுழைத்தது. அரளி ஒரே ஒரு அடி எடுத்து வைத்தது. மேஸ்திரி போட்ட கூச்சலில் காட்டுக் கிளிகள் எல்லாம் எழும்பின. கையை இழுத்தால் வரவில்லை. மறுகையாலும் பல்லாலும் வாரை அவிழ்த்தபிறகுதான் வந்தது. நான்கு விரலும் நசுங்கிக் கறுத்திருந்தன. பஞ்சும் புல்லும் கம்பளியும் அதோடு சரிந்து விழுந்தன.

மேஸ்திரி விரலை வாயில் வைத்துக்கொண்டு சேணத்தைப் புரட்டிப் பார்த்தது. அதன் வளைவை ஜாணால் அளந்தது. அரளியின் தோள்மேட்டையும் அளந்தது.

"வளைவே ஒடுக்கம் அம்மணி. ஒடுங்கின குதிரைக்குச் செஞ்சது. உங்க முதுகு அகலம். எதை வெச்சாலும் இறுகத்தான் செய்யும். நான் திணிச்ச ஒவ்வொரு பிடி பஞ்சும் உங்களைத்தான் நெரிச்சிருக்கு." அதன் குரல் உடைந்தது. "பத்து நாளா மேலேருந்து பார்த்துட்டு நல்லாருக்குன்னு சொல்லியிருக்கேன். ஒரு நாளும் கையை உள்ள விடல. நான் ஒரு மேஸ்திரியா?"

"அழாதீங்க. நானும் பத்து நாளா தலையாட்டினேன்" என்றது அரளி. லாயத்தில் கண்டதையும் சொன்னது.

புதர் அசைந்தது. கோணன் வந்தது. அவிழ்ந்து கிடந்த சேணத்தைப் பார்த்ததும் அதன் முகம் மாறியது.

"என்ன தங்கச்சி இது? இன்னும் பத்து நாள் பொறுத்திருந்தா முடிஞ்சிருக்குமே."

"எது முடிஞ்சிருக்கும்?"

கோணன் வாயை மூடிக்கொண்டது. ஆனால் வாயிலிருந்து ஒழுகியதை மூட முடியவில்லை. அரளி அதைப் பார்த்தது. மேஸ்திரியும் பார்த்தது.

மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததும் கோணனுக்கு வெட்கம் போய்விட்டது. "சரி, உனக்கு வேண்டாம்னா எனக்குக் கட்டு மேஸ்திரி. சுனைக்கரையில சிறுத்தை அடிச்சுப் போட்ட மான் கெடக்கு. சேணத்தோட போனா சிறுத்தை வழிவிடும். நான் ஏன் காத்துக்கிட்டே இருக்கணும்?"

அரளிக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கறுப்புக் குதிரையின் முகம் கண்ணில் நின்றது. "வேண்டாம் அண்ணே. அதுல ஏற்கெனவே ஒருத்தர் உக்காந்திருக்கார். எறங்கமாட்டார். மேல எடம் ஒண்ணு காலியா இருக்கு, அதுக்கு ஆள் தேடுறாங்க. உங்க முதுகு வேற சரிவு."

கோணன் சிரித்தது. கழுதைப்புலியின் சிரிப்பைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்காதவரை நல்லது. "என் குடும்பத்துக்குத் தெரியாத சேணமா? கட்டுய்யா."

மேஸ்திரி அரளியைப் பார்த்தது. பிறகு நசுங்கிய விரல்களோடு கட்டியது. சரிந்த முதுகில் சேணம் நிற்காமல் பின்னால் நழுவியது. "இறுக்கிக் கட்டு" என்றது கோணன். மேஸ்திரி இறுக்கியது. இரும்பு வளைவு தோளில் இறங்கியதும் கோணன் பல்லைக் கடித்தது. மேஸ்திரி அவிழ்க்கப் போனது.

"விடு, விடு" என்றது கோணன். "பழகிடும்."

தரையைத் தொடும்படி தொங்கிக்கொண்டிருந்த இரண்டு அங்கவடிகளும் அந்த நிமிஷமே விறைத்து நின்றன.

கோணன் நடந்தது. சுனை வலது பக்கம். அது இடது பக்கம் போயிற்று.

"அண்ணே, சுனை இந்தப் பக்கம்" என்று அரளி கத்தியது.

"தெரியும். அங்கதான் போறேன்" என்றது கோணன், மலைப்பாதையில் ஏறிக்கொண்டே. எதிரே வந்த சிறுத்தை அதன் முதுகுக்கு மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, காதை மடக்கிக்கொண்டு ஒதுங்கியது. கோணன் வளைவில் திரும்பியபோது, "காலு கேக்கமாட்டேங்குதே" என்று சொன்ன குரல் கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து மேஸ்திரி சுனைக்குப் பக்கத்து மரத்தின் உச்சியில் உட்கார்ந்து காவல் பார்த்தது. சிறுத்தை நகர்ந்தால் ஒரு கத்தல் கத்தும். அரளி ஓடிவந்துவிடும். சிறுத்தை தூங்கினால் கத்தாது. அரளி நிம்மதியாகக் குடிக்கும். இதை முதல் நாளே செய்திருக்கலாம். இருவருக்கும் அது தோன்றவில்லை.

மழை வந்தபிறகு மேஸ்திரி ஒருநாள் மதில்மேல் ஏறி லாயத்தை எட்டிப் பார்த்தது. கடைசிக் கொட்டடியில் புதிதாக ஒரு எலும்புக் குவியல் இருந்தது. முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்த எலும்புகள். அதற்கடுத்து, முன்பு சுவராக இருந்த இடத்தில், இன்னொரு கொட்டடி காலியாக இருந்தது. அதன் தடுப்புக்கல்லின்மேல் சேணம் வெயிலில் பளபளத்துக்கொண்டு கிடந்தது. மேஸ்திரி அதைத் தொடவில்லை.

அரளியின் முதுகில் ரணம் ஆறியது. அந்த இரண்டு இடத்தில் மட்டும் வெள்ளை மயிர் முளைத்தது. புதிதாக வந்த மிருகம் எதுவாவது, "அது என்ன, அழகா இருக்கே" என்று கேட்டால், அரளி தன் முதுகைத் திருப்பிக்கொண்டு, "அங்க இப்ப நல்லா வேர்க்குது" என்று மட்டும் சொல்லும்.

நமக்கு வலிப்பதைப் பார்த்து 'பழகிடும்' என்று சொல்கிறவர் அந்தச் சுமையைச் சுமப்பவர் அல்லர். ஆகவே வலி மரத்துப்போகும்வரை பொறுத்திருக்காமல், வலிக்கும்போதே சுமையை இறக்கிப் பார்த்துவிட வேண்டும்.